பெட்டியைத் தாண்டிப் போன எறும்புகள்

தேன் வாங்க வருகிறவர் நீட்டும் குப்பியைத் திறந்து, சுகிர்தபாய் முதலில் மூக்கருகே கொண்டுபோவார். சாராய வாடை அடித்தால் குப்பி வந்த வழியே திரும்பிவிடும். மண்ணெண்ணெய் வாடை என்றால் கூடவே இரண்டு வசவும் போகும். இருமல் மருந்துக் குப்பி என்றால் மட்டும் முகம் கொஞ்சம் இளகும். அதற்காக உடனே தேனை ஊற்றிவிடுவார் என்று நினைக்கக் கூடாது.

"யாருக்காக்கும்? என்ன தீனம்? வயசு எத்தற? டாக்டர்ட்ட காட்டினியளா? உள்ளதச் சொல்லணும், கேட்டியளா."

நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் கிருஷ்ணன்குட்டி. இழுப்புக்கார மனைவிக்காக மாதம் ஒருமுறை தேன் வாங்க வருகிறார். முப்பது வருஷ சர்வீஸில் இப்படியொரு குறுக்கு விசாரணையைத் தாம் பார்த்ததே இல்லை என்பார். "தேன் வாங்ஙானோ, சாட்சி பறயானோ ஞான் வந்நது?" என்று மலையாளத்தில் கேட்டுச் சிரிப்பார். சுகிர்தபாய் சிரிக்க மாட்டார். "சிரிச்சது போதும் அண்ணா. தேனு மருந்தாக்கும். ஆளு தெரியாம மருந்து குடுக்கப்பிடாது" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று விசாரிப்பார். தீர்ந்துபோய் நான்கு நாளாயிற்று என்று தெரிந்தால் தேன் கிடையாது. முதலில் மாத்திரை, பிறகு தேன்.

பாறசாலையிலிருந்து குளத்தூர் போகும் வழியில் சபைக் கோவிலைத் தாண்டினால் மூன்றாவது வீடு அவருடையது. வயது ஐம்பத்துநான்கு. வீட்டில் கைலியும் தோளில் ஒரு ஈரத் துவர்த்துத் துண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மட்டும் வெள்ளைச் சேலை. கணவர் கனகதாஸ் இறந்தபோது விட்டுப்போனது ஒரு சைக்கிளும் இருபது தேனீப் பெட்டிகளும். சைக்கிளை விற்றார், பெட்டிகளை வைத்துக்கொண்டார். தொண்ணூற்றிரண்டில் இந்தப் பக்கத்துத் தேனீக்களுக்கு ஒரு நோய் வந்தது. தேனடையின் அறைக்குள் இருந்த புழுக்கள் நீர்ப்பை போல ஊதி, இருந்த இடத்திலேயே செத்தன. இருபது பெட்டியில் மிஞ்சியது இரண்டு. தேன் தொழில் செய்தவர்களில் பாதிப் பேர் வேறு வேலை பார்க்கப் போனார்கள். சுகிர்தபாய் இரண்டை நான்காக்கி, நான்கை ஏழாக்கி, இப்போது பதினான்கில் வந்து நிற்கிறார்.

தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று ஊர் கேட்கும். சுகிர்தபாய் நக்குவதில்லை. உடனே ஈரத் துவர்த்தில் கையைத் துடைத்துக்கொள்வார். தேன் ஒரு சொட்டு தரையில் விழுந்தால் அரை மணி நேரத்தில் எறும்பு வந்துவிடும், எறும்பு வந்தால் பெட்டி போய்விடும் என்பது அவருடைய கணக்கு.

அவரிடம் தேன் இரண்டு வகை. ஒன்று, தை மாசியில் ரப்பர் மரம் இலை உதிர்த்துத் தளிர்விடும்போது கிடைக்கும் தேன். அது பூவில் சுரப்பதில்லை, இளந்தளிரின் காம்பில் சுரக்கிறது. இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பூ இல்லாமல் தேனா என்று கேட்பார்கள். "நான் சொல்லல்ல, ஈச்ச சொல்லுது" என்று தேனீயைக் காட்டி அவரும் விட்டுவிடுவார். மற்றது சிறுதேன். இறவாரத்தில் தொங்கும் சின்ன மண்கலயங்களில், கொசு அளவேயான கொட்டாத ஈக்கள் சேர்த்து வைப்பது. வருஷத்துக்கு ஒரு கலயத்தில் ஒரு கரண்டி கிடைத்தால் அதிகம். அதை நர்சுமார்களிடம் கேட்டு வாங்கிய ஊசிமருந்துக் குப்பிகளில் அடைத்து, ரப்பர் மூடி போட்டு, வேதப்புத்தகம் இருக்கும் அலமாரியில் வைத்திருப்பார். புண்ணுக்கு மட்டும்தான் அது வெளியே வரும்.

இருமலுக்கு ஒரு கரண்டித் தேனில் நுணுக்கிய நல்லமிளகு, படுக்கப் போகும்முன். வாய்ப்புண்ணுக்கு விரலில் தொட்டு வைத்தால் போதும். தீ சுட்டால் முதலில் பச்சைத் தண்ணீர், சூடு அடங்கிய பிறகுதான் தேன். வயிற்றுக்கு வெதுவெதுப்பான வெள்ளத்தில். கொதிக்கிற சாயாவில் ஊற்றுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. மஞ்சள்காமாலைக்கும் முட்டுவலிக்கும் முடி கறுக்கவும் கேட்டு வருகிறவர்களிடம், "அதுக்கு எனக்கிட்ட மருந்து இல்ல, பஸ் ஏறிப் போங்க" என்று சொல்லிவிடுவார். சுகர் உள்ளவர்களுக்குக் கண்டிப்பாகக் கிடையாது. நல்ல தேன் சுகரைக் கூட்டாது என்று யாரோ சொன்னதாக வாதம் செய்கிறவர்களும் உண்டு. "சொன்னவனுக்க வீட்டுல போய் வாங்கிக் குடியும்" என்பதே பதில்.

பிறந்த பிள்ளையின் நாக்கில் வசம்பும் பொன்னும் உரசித் தேனில் குழைத்துத் தொட்டுவைப்பது இந்தப் பக்கத்தில் எல்லாச் சாதியாருக்கும் வழக்கம். அதற்கும் அவர் தேன் தருவதில்லை. பிள்ளைகள் டாக்டர் ஒருவர் ஒரு வயது ஆகும்வரை கூடாது என்று எப்போதோ சொல்லிவிட்டார், அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வாசலில் தாத்தா ஆகிவிட்ட பெருமையோடு நிற்கிறவரிடம், "பிள்ளைக்குப் பல்லு வந்தாச்சா?" என்று கேட்பார். நேற்றுப் பிறந்த பிள்ளைக்கு ஏது பல்? "அப்ப பல்லு வந்த பொறவு வாங்க." இப்படிச் சொல்லியே இரண்டு உறவுக்காரர்களின் வீட்டு வாசலை இழந்திருக்கிறார்.

தேன் நல்லதா கள்ளமா என்று பார்க்க ஊரில் ஆளுக்கொரு வித்தை உண்டு. ஒருவர் காகிதத்தில் சொட்டுவிட்டு ஊறுகிறதா என்று பார்ப்பார், ஒருவர் தீக்குச்சியை முக்கிக் கொளுத்துவார், ஒருவர் நாய்க்கு வைப்பார். மார்கழிக் குளிரில் ரப்பர் தேன் உறைந்து அடியில் தரிதரியாகத் தங்கும்போது, சீனி கலந்த தேன் என்று சண்டைக்கு வருகிறவர்கள் தனி. சுகிர்தபாய் குப்பியை வாங்கி வெயிலில் வைப்பார். ஒரு மணி நேரத்தில் அது இளகிவிடும். வந்தவரும் இளகிவிடுவார். அதுவரை அவருக்குக் கட்டன்சாயா உண்டு.

மற்றபடி அவருடைய காலை நேரம் எறும்புகளுக்கு உரியது. ஒவ்வொரு பெட்டியும் ஒற்றைக் கால் தாங்கியில் நிற்கிறது. அந்தக் காலைச் சுற்றி ஒரு தண்ணீர்க் கிண்ணம். எறும்பு நீந்தி ஏறாது. விடிந்ததும் செம்பில் வெள்ளத்தோடு போய்ப் பதினான்கு கிண்ணங்களையும் நிரப்புவார். வழியில் எறும்புச் சாரி கண்டால் மிதிக்க மாட்டார், கலைக்கவும் மாட்டார். கலைத்தால் எங்கே போகிறது என்று தெரியாமல் போய்விடும். குனிந்தபடி அதன் கூடவே நடந்துபோய், புற்றைக் கண்டுபிடித்த பிறகுதான் சாம்பலைக் கொட்டுவார்.

அதே வளைவுக்குள், ஒரே வேலிக்கு உள்ளே, பக்கத்து வீட்டில் இருக்கிறவர் தம்பி ரெத்தினதாஸ். நாற்பத்தெட்டு வயது, ரப்பர் பால் வெட்டுகிற வேலை. கருக்கலில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகும்முன் அக்காவின் அடுக்களை வாசலில் வந்து நின்று கையை நீட்டுவார். அவர் உள்ளங்கையில் ஒரு கரண்டித் தேன் விழும். அதை வழித்துத் தின்றுவிட்டுப் போவார். சின்ன வயதிலிருந்து இது நடக்கிறது. ஊரையே குடைகிற சுகிர்தபாய் தம்பியிடம் மட்டும் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. தம்பிக்கு என்ன தீனம் வந்துவிடப் போகிறது?

போன மாசியில் ரெத்தினதாஸ் பாறசாலைச் சந்தையில் புதுச் செருப்பு வாங்கினார். அது இடது கால் சுண்டுவிரலைக் கடித்தது. பயறு அளவு புண். இதற்கெல்லாமா ஆஸ்பத்திரி என்று அலமாரியைத் திறந்து சிறுதேனை எடுத்தார் சுகிர்தபாய். உப்பு வெள்ளத்தில் கழுவி, தேன் வைத்து, அவித்து உலர்த்திய துணியால் கட்டினார். மூன்றாம் நாளே வேதனை போய்விட்டது என்றார் தம்பி. அந்தச் சந்தோஷத்தில், உள்ளேயிருந்தும் ஆறட்டும் என்று காலைக் கரண்டியை இரண்டாக்கினார் அக்கா. தேன் வாங்க வந்த நாலு பேரிடம் அந்தக் காலைக் காட்டவும் செய்தார். சொன்னால் வெட்கம்தான், ஆனால் காட்டினார். புண்ணின் மேல்புறம் ரோஜா நிறத்தில் அத்தனை சுத்தமாக இருந்தது.

நான்காவது வாரம் விரலின் அடிப்பக்கம் கறுத்தது. செருப்பின் சாயம் என்றார் ரெத்தினதாஸ். அழுத்திப் பார்த்தார் சுகிர்தபாய். "நோவுதா?" "ஒண்ணும் தெரியல்ல அக்கா." தேனுக்கு இத்தனை சக்தியா என்று அவருக்கே முதன்முறையாக ஒரு சந்தேகம் வந்தது. ஆனாலும் கட்டை மாற்றிக் கட்டினார்.

அதற்கு இரண்டு நாள் கழித்துக் காலையில் கிண்ணங்களுக்கு வெள்ளம் ஊற்றிக்கொண்டிருந்தபோது, ஒரு சாரி கண்ணில் பட்டது. கட்டெறும்பு, நல்ல தடித்த வரிசை. நான்காவது பெட்டிக்குத்தான் போகிறது என்று நினைத்தார். போகவில்லை. ஐந்தாவதையும் தாண்டியது. தேன் மணக்கும் பெட்டிகளின் காலடியில் ஓர் எறும்புகூட நின்று முகர்ந்து பார்க்கவில்லை. அவருக்கு முதலில் ஒரு மாதிரி அவமானமாகத்தான் இருந்தது. தேனை விட இனிப்பாக இந்த வளைவில் என்ன இருக்கிறது? குனிந்தபடி கூடவே நடந்தார். சாரி மரச்சீனிக் கிழங்குச் செடிகளைச் சுற்றி, வேலியோரம் நின்ற தென்னையின் தூரில் போய் முடிந்தது. ஈர மண்ணில் எறும்பு கறுப்பாக மொய்த்துக்கிடந்தது.

தோட்டத்துக்குப் போகும்முன் ரெத்தினதாஸ் ஒதுங்குகிற இடம் அது.

சுகிர்தபாய் நிமிர்ந்தார். கையில் இருந்த செம்பைத் தரையில் வைத்தார். ஊரில் சுகர் பார்க்க மிஷின் வருவதற்கு முன்பே ஆட்களுக்குத் தெரிந்த விஷயம்தான் இது. எறும்பின் பின்னால் இருபது வருஷம் நடந்தவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அன்று மிச்சப் பெட்டிகளுக்கு அவர் வெள்ளம் ஊற்றவில்லை.

பத்து மணிக்குப் பால் எடுத்துவிட்டு வந்தவரை வாசலிலேயே மறித்தார்.

"எலே, உனக்கு சுகர் உண்டா?"

"யாரு பறஞ்சது?"

"உறும்பு பறஞ்சுது. உள்ளதச் சொல்லு."

ரெத்தினதாஸ் பால் வாளியைக் கீழே வைத்தார். உள்ளே போய், சட்டைகளுக்கு அடியிலிருந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தார். மூன்று வருஷத்துக்கு முன் தனுவச்சபுரத்தில் நடந்த இலவச முகாமில் கொடுத்தது. ஆங்கிலத்தில் என்னவோ எழுதி, ஒரு எண்ணை வட்டம் போட்டிருந்தார்கள். பத்து நாள் மாத்திரை தின்றாராம். தலை சுற்றியது என்று நிறுத்திவிட்டாராம். அவர் மனைவி லீலாபாய்க்கே அன்றுதான் தெரியும். அந்த அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏம்ல மறச்ச? எனக்கிட்ட என்னத்துக்குல மறச்ச?"

"சொன்னா நீ தேன நிறுத்துவ." பால் வாளியைச் சுவரோரம் நகர்த்தி வைத்தார். "அது மட்டுமில்ல அக்கா. தேன்காரிக்க தம்பிக்கு சுகருன்னு வெளிய கேட்டா, உனக்கிட்ட யாரு வந்து வாங்குவா?"

அடிக்கக் கை வந்தது. இந்தச் சாமர்த்தியத்துக்கு அடிப்பதா அழுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. மூன்று வருஷமாக, தினம் காலையில், தன் கையால் கொடுத்திருக்கிறார். இந்த ஒரு மாதமாக இரண்டு கரண்டி. அந்த நினைப்பு வந்ததும் கோபமெல்லாம் பயமாகிவிட்டது. "சட்டையப் போடு" என்றார். "லீலா, நீயும் கெளம்பு மக்கா. இப்பவே போணும்."

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் கூட்டம் வழக்கம்போல. பெஞ்சில் இடம் தேடியபோது, மனைவியோடு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்த கிருஷ்ணன்குட்டி ஒதுங்கி இடம் கொடுத்தார். "தேன்காரிக்கும் ஆஸ்பத்திரியோ?" என்று சிரித்தார். பிறகு ரெத்தினதாஸின் காலைப் பார்த்தார், சிரிப்பை நிறுத்தினார். இரண்டு வாரம் முன்புதான் அதே காலை அவருக்கும் காட்டி, சிறுதேனின் பெருமையைச் சொல்லியிருந்தார் சுகிர்தபாய்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். கட்டை அவிழ்த்து, குனிந்து பார்த்து, ஒரு ஊசியால் விரலைத் தொட்டார். ரெத்தினதாஸ் சிரித்த முகத்தோடு இருந்தார். டாக்டர் இன்னும் கொஞ்சம் அழுத்தினார். அப்போதும் அவருக்குத் தெரியவில்லை.

"இதில் எந்தெங்கிலும் புரட்டியோ?" புண்ணில் ஏதாவது பூசினீர்களா என்று கேட்டார் டாக்டர்.

"ஒண்ணும் இல்ல டாக்டரே" என்று லீலாபாய் முந்திக்கொண்டார். "பச்ச வெள்ளத்தில கழுவினது மட்டும்."

அது அந்த அம்மாவின் பொய் என்று சொல்ல முடியாது. இந்தப் பக்கத்தில் எல்லோரும் எல்லா டாக்டரிடமும் சொல்கிற பதில் அது. வீட்டில் பச்சிலை வைத்தவரும், சுண்ணாம்பு வைத்தவரும், சாணி வைத்தவரும் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததும் பச்சை வெள்ளக்காரர்கள் ஆகிவிடுவார்கள். போதாததற்கு லீலாபாய் சுகிர்தபாயின் கையை இறுக்கிப் பிடித்து, "மைனி, சும்மா இரியும். உம்ம தம்பியே உமக்குப் பேரு கெடப்பிடாதுன்னு மறச்சவராக்கும்" என்று காதில் சொன்னார்.

கதவு திறந்துதான் கிடந்தது. நேர் எதிரே பெஞ்சில் கிருஷ்ணன்குட்டி காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தார். அவர் ஒருவர் கேட்டால் போதும், சாயங்கால பஸ்ஸுக்குள் பாறசாலை வரைக்கும் போய்விடும். பதினான்கு பெட்டித் தேன் இந்த மாசியில்தான் எடுத்து வைத்திருக்கிறார், அதுதான் வருஷம் முழுவதற்கும். லீலாபாய் பிடித்த பிடியை விடவில்லை. டாக்டர் பேனாவை எடுத்துச் சீட்டில் எழுதத் தொடங்கினார்.

"தேன்" என்றார் சுகிர்தபாய்.

டாக்டர் நிமிர்ந்தார்.

"சிறுதேன் வச்சுக் கெட்டினேன், இருபத்தாறு நாளா. நானாக்கும் வச்சது. உள்ளயும் குடுத்தேன். மூணு வருசமா காலத்த ஒரு கரண்டி, இந்த ஒரு மாசமா ரெண்டு. இவனுக்கு சுகர் உண்டுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருக்கணும், கேக்கல்ல."

டாக்டர் கோபப்படவில்லை என்பதுதான் சுகிர்தபாய்க்குக் கூடுதல் கஷ்டமாக இருந்தது. சொன்னதையெல்லாம் ஒரு வரி விடாமல் சீட்டில் எழுதினார். புண்ணின் மேல்புறத்தைச் சுட்டி, "புறம் கொள்ளாம். கேடு அகத்தாணு" என்றார். பிறகு தமிழும் மலையாளமுமாக விளக்கினார். மேலே சுத்தமாகத்தான் இருக்கிறது, அதற்குத் தேன் உதவியிருக்கலாம். உள்ளே ஓடுகிற ரத்தத்தில் சர்க்கரை நின்றுகொண்டிருக்கும்போது வெளியே என்ன வைத்தும் பலனில்லை. வேதனை போனது ஆறியதால் அல்ல, நரம்பு உணர்வில்லாமல் போனதால். சுண்டுவிரல் இனி ஆகாது, நாளைக் காலையில் எடுக்க வேண்டும். சர்க்கரையை இறக்கிவிட்டால் பாதத்தைக் காப்பாற்றிவிடலாம் என்று நினைக்கிறார். இன்னும் ஒரு வாரம் கட்டை மாற்றிக் கட்டிக்கொண்டு வீட்டில் இருந்திருந்தால் அதைச் சொல்லியிருக்க முடியாது.

லீலாபாய் வாயில் சேலையை வைத்துக்கொண்டு அழுதார். ரெத்தினதாஸ், "ஒரு வெரல்தானே, போட்டும்" என்று யாருக்கோ சமாதானம் சொன்னார். கிருஷ்ணன்குட்டி பெஞ்சிலிருந்து எழுந்து, மனைவியை அடுத்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது சுகிர்தபாயின் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த மாதம் அவர் குப்பியோடு வருவாரா என்று இப்போது சொல்ல முடியாது.

வார்டில் கட்டில் கிடைக்கச் சாயங்காலம் ஆயிற்று. காலைக் கழுவிப் புதுக் கட்டுப் போட நர்ஸ் ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார். பஞ்சும், கண்ணாடிக் குப்பியில் மருந்து வெள்ளமும். விரல் இடுக்குகளில் பழைய தேன் ஒட்டிப் பிசுபிசுவென்று கிடந்தது. நர்ஸ் கையுறையை எடுக்கும்போது சுகிர்தபாய் கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தா பிள்ளே. நான் வச்சதாக்கும். நானே எடுக்கேன்."

நர்ஸ் சற்று யோசித்து, கையை நன்றாகக் கழுவிவிட்டு வரச் சொன்னார். போய்ச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிவிட்டு வந்து மறுபடியும் தரையில் உட்கார்ந்தார். தம்பியின் குதிகாலை இடது கையில் தாங்கிக்கொண்டு, பஞ்சை நனைத்துப் பெருவிரலிலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு இடுக்காகத் துடைத்து, உலர்ந்த பஞ்சால் ஒற்றி எடுத்தார். நான்கு விரல்கள் முடிந்தன.

இனி ஒன்றுதான் பாக்கி, அதற்கு அவசியமில்லை, நாளைக்கு அது இருக்கப் போவதில்லை என்றார் நர்ஸ். சுகிர்தபாய் புதுப் பஞ்சு ஒன்றைக் கேட்டு வாங்கினார். கறுத்துப்போன அந்தச் சுண்டுவிரலை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டார். "நோவுதாலே?" என்று கேட்டார். "இல்ல அக்கா" என்றார் ரெத்தினதாஸ். நோகாத அந்த விரலை, நோகாமல், மற்ற நான்குக்கும் ஆன நேரத்தைவிட அதிக நேரம் எடுத்துத் துடைத்தார்.